பிக்கப்பில் போன முறுக்கு

வலியசாலையில் எங்கள் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமா தபாலாபீசில் வேலை பார்த்ததால் முதலில் ‘போஸ்டாபீஸ் மாமி’. மாமா ரிட்டையரான பிறகும் அந்தப் பெயர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அப்புறம் அந்தப் பழைய வண்டி வந்து தெருமுனையில் நின்றது. அன்றிலிருந்து அவள் ‘பிக்கப் மாமி’. நிஜப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் யாரோ சாதுவான ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வருகிறாள். நம் மாமி அப்படி இல்லை. அதனால் பெயர் வேண்டாம்.

ஆள் குள்ளம், ஒடிசல். கைகள் மட்டும் வேறு யாரிடமிருந்தோ வாங்கி மாட்டியது போலப் பெரிதாக இருக்கும். அந்தக் கைதான் அவள் பிழைப்பு. கல்யாண வீடுகளுக்குச் சீர் பட்சணம் செய்து கொடுப்பாள். லட்டு, மனோகரம், அப்பம் எல்லாம் உண்டு. ஆனால் அவள் பெயரைச் சொன்னது கைமுறுக்குதான். அச்சில் பிழிகிற முறுக்கு இல்லை. மாவை இரண்டு விரலுக்கு நடுவே முறுக்கி முறுக்கி, உள்ளிருந்து வெளியே சுற்றுச் சுற்றாக இட வேண்டும். ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று வரும். அதை எண்ணெயில் விட்டு உடையாமல் எடுப்பதற்குள் பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். மாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் முறுக்குச் சுற்றுவாள். அந்த நேரத்தில் பின்னால் யாராவது பேசினால் திரும்பாமலே, “பேசணும்னா வெளில போய்ப் பேசுங்கோ, மாவுக்குக் காது கேக்கும்” என்பாள்.

அவளிடம் உள்ள ஒரே குணம், விடமாட்டாள். மற்ற குணமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மாமாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். எத்தனையோ சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் மாமாவின் சிநேகிதர்கள் கூடத்தில் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தபோது மாமி வந்து நடுவில் உட்கார்ந்தாள். மாமாவின் டப்பியை எடுத்தாள். ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் ஏற்றிக்கொண்டு, மாமா செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டு, மேல்துண்டுக்குப் பதில் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “ம், அப்புறம்? மந்திரிசபை கவிழுமா?” என்று கேட்டாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். தும்மித் தும்மி அவளுக்குக் கண் சிவந்து போயிற்று. சிநேகிதர்கள் வருவது நின்றது. பிறகு பொடியும் நின்றது. “நீ சொன்னா விட்டிருப்பேனே” என்று மாமா பரிதாபமாகச் சொன்னார். அவள் எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணிச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தோல்வி நேர்ந்தது. அது எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நேர்ந்தது.

அக்காவை நாகர்கோவிலில் கொடுத்தோம். கல்யாணம் வலியசாலையில் நடந்தது. முடிந்து அக்கா புக்ககம் போகும்போது கூடவே சீர் பட்சணமும் போக வேண்டும். புக்ககத்துக் கூடத்தில் அதைப் பரப்பி, அந்தத் தெருப் பெண்டுகளெல்லாம் வந்து பார்த்து, அப்புறம் வீட்டுக்கு வீடு பங்கு போகும். மாமி செய்த முறுக்கு மூங்கில் கூடைகளில் பஸ்ஸின் தலைமேல் ஏறிப் போயிற்று. நாகர்கோவிலில் கூடையைத் திறந்தால் ஒன்றுகூட முழுசாக இல்லை. அக்காவின் மாமியார் ஒரு கைப்பிடி அள்ளி, வந்திருந்தவர்கள் முன்னால் விரல் வழியாக உதிர்த்துக் காட்டினாளாம். “பொண்ணையாவது முழுசா அனுப்பினாளே, அதுக்குச் சந்தோஷப்படணும்” என்றாளாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்கா கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்தால், “முறுக்கோட வந்தவதானே.” தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால், “அவாத்துக் கை அப்படி, எல்லாம் பொடிதான்.” அக்காவுக்கு வாய் கிடையாது. பிரசவத்துக்கு வந்தபோதுதான் அடுக்களையில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அந்த நேரம் பார்த்து மாமி ஏதோ பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து வாசற்படியில் நின்றிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. பாத்திரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாமியை யாரும் குற்றம் சொல்லவில்லை. பஸ் குதித்ததற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் கொஞ்ச நாளில் அவள் கை வளையலைக் காணோம். அதற்குப் பிறகு ஒரு காலையில் எஸ்டேட்டில் தேயிலை மூட்டையும் உரமும் சுமந்து ஓய்ந்துபோன ஒரு பிக்கப் வண்டி எங்கள் தெருமுனையில் இருமிக்கொண்டே வந்து நின்றது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த இரும்புத் தொட்டி. அதன் தரை வரிவரியாக மேடு தட்டி, துருப்பிடித்து, நடுவில் ஒரு ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. கூடவே ஒரு டிரைவரையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பெரிய மீசை, சின்னக் குரல்.

மாமா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “இது எதுக்காக்கும்?” என்றார்.

“முறுக்கு போறதுக்கு” என்றாள் மாமி.

அடுத்த நாளே பரீட்சை ஆரம்பமாயிற்று. ஒரு கூடையில் ஏழு சுற்று முறுக்கை அடுக்கி, இடையில் காகிதம் வைத்து, பின்தொட்டியில் வைப்பாள். கரமனைப் பாலம் வரை போய்த் திரும்பி வருவாள். தெருவே வாசலில் நிற்கும். கூடை திறக்கப்படும். முதல் தடவை வெறும் இரும்புத் தரையில் போன முறுக்கு மாவாகத் திரும்பி வந்தது. மாமி முகம் மாறவில்லை. “அடில எதையாவது விரிக்கணும்” என்றாள். அந்த ‘எதையாவது’ என்ன என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் சாக்கு விரித்தாள். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பழைய சாக்கு. ஒன்றில் முன்பு வற்றல் மிளகாய் இருந்திருக்கிறது. வண்டி திரும்பி வந்து சாக்கை உதறியதும் தெருவே தும்மியது. மாமாவுக்கு மட்டும் பழைய நாட்கள் ஞாபகம் வந்து கண்ணில் நீர் வந்தது. அடுத்தது கயிற்றுப் பாய். தடிமனானது, ஆபீஸ் வாசலில் போடுவார்களே, அந்த ஜாதி. முறுக்கில் பாதிக்கு மேல் பிழைத்தது. மாமிக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் மழை வந்தது. நனைந்த பாயிலிருந்து, தேங்காய் மட்டை ஊறப்போட்ட காயலின் வாடை கிளம்பியது. மூங்கில் கூடையில் எல்லாம் உள்ளே போகும். அந்த முறுக்கைத் தின்றால் தண்ணீர்ப் பாம்பு ஞாபகம்தான் வந்தது.

உடைந்ததையெல்லாம் தெருவுக்குத்தான் கொடுத்தாள். இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் மாமி ஜெயிப்பதில் அவ்வளவு அவசரம் இல்லை. சாயங்காலக் காப்பிக்கு முறுக்கு இருந்தது.

“எம்மா, நான் வண்டி ஓட்டுதேனா, தொட்டில் ஆட்டுதேனா?” என்று டிரைவர் ஒருநாள் கேட்டார்.

“ரெண்டும்தான். குழியப் பாத்து ஓட்டும்.”

“குழியப் பாத்து ஓட்டணும்னா ரோட்ட எங்க போய்ப் பாக்கது?”

அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நான் அப்போது ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாண வயது கொஞ்சம் தாண்டியிருந்தது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், தெரு வேறு மாதிரி சொன்னது. மாப்பிள்ளைக்கு வித்துராவில் வீடு, அதற்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட்டில் கிளார்க் வேலை. அவருடைய அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். பிள்ளை கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதனால் கல்யாணத்தையே வித்துராவில் வைத்துக்கொள்வது என்று பேசினார்கள். சமையல் சாமானிலிருந்து சீர் வரை எல்லாம் இங்கிருந்து போக வேண்டும். நெடுமங்காடு வழியாக, அந்த ரோட்டில்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். யாரும் முறுக்கு என்று வாயெடுத்துச் சொல்லவில்லை.

நான் மட்டும் சொன்னேன். “உடைஞ்சா உடையட்டும், முறுக்குதானே” என்றேன். பொய். ஆபீசில் உட்கார்ந்து டைப் அடிக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு கூடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி விரல் வழியாக எதையோ உதிர்ப்பது கண்ணுக்கு முன்னால் வரும். அக்கா மாதிரி வாழ்நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நடக்க என்னால் முடியாது. எனக்கு வாய் உண்டு. அதுவே இன்னும் பெரிய ஆபத்து.

மாமி அன்று சாயங்காலமே வந்தாள். என்னைப் பார்த்து, “உன் முறுக்கு முழுசாப் போகும்” என்றாள். ஆசீர்வாதம் பண்ணுகிற குரல் இல்லை. வம்புக்கு இழுக்கிற குரல்.

ரப்பர் வந்தது அப்போதுதான். ஏதோ ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தடித்த ரப்பர் ஷீட் கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு கடையில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, எனக்கு லீவு நாளாகப் பார்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் மலையாளி. ஷீட்டைப் புரட்டிக் காட்டிவிட்டு, “இது எந்தினா, மாமீ? லாரிக்கோ?” என்று கேட்டார்.

“முறுக்குக்கு.”

“முறுக்கினோ!” அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். மாமி அந்த ஷீட்டின் மேல் ஏறி நின்று குதித்தாள். பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கடையில் இருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

வாங்கி, வெட்டி, தொட்டியில் பொருத்தி, கரமனைக்குப் போய் வந்தாள். கூடையைத் திறந்ததும் தெருவே எட்டிப் பார்த்தது. ஒன்றுகூட உடையவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மாமி மட்டும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு மாமாவிடம் நீட்டினாள். மாமா கடித்தார், மென்றார், யோசித்தார். “முறுக்கு நன்னாத்தான் இருக்கு. டயர் கடைல உக்காந்து திங்கற மாதிரி இருக்கு” என்றார்.

வெயிலில் காய்ந்த ரப்பரின் நாற்றம் தேங்காயெண்ணெயில் அப்படியே ஏறியிருந்தது. மாமி அங்கேயே ஷீட்டை உருவி எடுக்கச் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. “மாமி, பார்வைக்கு முழுசா இருந்தாப் போறாதா? திங்கறவா ரெண்டு பேர் மூக்கச் சுளிச்சா சுளிக்கட்டுமே. என் கல்யாணத்த வச்சுண்டு இன்னும் எத்தனை பரீட்சை பண்ணுவேள்?”

“வாய்ல வைக்க முடியாததைச் சீர்னு அனுப்பப்படாது. அதுக்குப் பொடியாவே அனுப்பலாம்.”

“அப்போ பொடியாவே அனுப்புங்கோ!”

“அனுப்ப மாட்டேன்” என்றாள். சண்டையை அதற்கு மேல் வளர்க்க முடியாது. அவளோடு சண்டை போடுவது சுவரில் பந்தெறிவது போலத்தான், நாம்தான் களைத்துப் போவோம்.

அடுத்தது மெத்தை. இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் தெருவைத் தவிர வேறு எங்கும் இப்படி ஒரு காரியம் நடந்திருக்காது. இலவம்பஞ்சு மெத்தையைத் தொட்டியில் போட்டு அதன்மேல் கூடைகளை வைத்தால் என்ன என்று மாமிக்குத் தோன்றியது. படுத்த மெத்தை ஆகாது, விழுப்பு; அதாவது ஆசாரப்படி சுத்தமில்லை. அதனால் புதிதாகவே தைக்கச் சொன்னாள். தைத்து வந்ததும் எதிர் வீட்டுப் பெரியம்மா கேள்வி கேட்டாள். “தச்சவன் அது மேல உக்காந்துதானே தச்சிருப்பான்? மதியானம் ஒரு கண் அசந்திருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?” நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. மாமிக்கே பட்டது, அதுதான் கஷ்டம். கல்யாணச் சீரில் ஒரு குறை என்று யாரும் சொல்லக்கூடாது. “ஒரு தடவை நனைச்சு உலத்திட்டா மடியாயிடும்” என்று முடிவாயிற்று. மெத்தையைக் கிணற்றடியில் போட்டு ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தண்ணீர் இறைத்துக் கொட்டினோம். நானும் கொட்டினேன்.

அது இடவப்பாதி மழைக்காலம். மெத்தை உலரவே இல்லை. கொடியில் போட்டால் கொடி அறுந்தது. சுவர்மேல் போட்டால் சுவரில் பாசி பிடித்தது. உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகப் போய், பூசணம் பூத்து, கடைசியில் அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “மெத்தைக்கே காரியம் பண்ணிட்டியளே எம்மா” என்றார். மாமி திரும்பி உள்ளே போனாள்.

அன்றைக்கு அவள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் போனேன். சண்டை போட்ட பிறகு நான் போகாமலிருந்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மாவு இல்லாமல். “உங்கக்கா அன்னிக்கு அடுக்களைல அழுதாளே, அது என் காதுல இருக்கு. எடுக்க முடியல” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு. அன்றுதான் அதைவிடப் பிரியம் அதிகம் என்று எனக்கே தெரிந்தது.

வழி தானாகவே வந்தது. மாமா சாலைக்கடையில் வீட்டுக்கு அரிசி வாங்கப் போனவர் பிக்கப்பிலேயே போட்டுக்கொண்டு வந்தார். மெத்தைப் பரீட்சைக்கென்று வைத்த ஒரு கூடை எடுக்க மறந்து தொட்டியிலேயே கிடந்தது; போகும்போது மாமா அதை மடியில் வைத்துக்கொண்டார். சாலைக்கடையில் மூட்டை ஏற்றியவர்கள் அதைத் தூக்கி மூட்டைகளின் மேல் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமி அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே முறுக்கு உட்கார வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அரிசியின் பாரத்தில் வண்டி துள்ளவில்லை. துள்ளிய கொஞ்சத்தையும் அரிசி வாங்கிக்கொண்டது.

மாமி மூட்டையை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஆமாம், ஓடி. “வித்துராவுக்குக் கல்யாண அரிசி இங்கேர்ந்துதானே போறது? அதுதான் மெத்தை!” என்றாள். பச்சரிசியை விட மங்களமான விரிப்பு உண்டா? விழுப்பு இல்லை, வாடை இல்லை. எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கே கேள்வி கிடைக்கவில்லை. மூட்டையாக இருந்தால் கூன் போட்டுக்கொள்ளும் என்று அரிசியைப் பல சாக்குகளில் பாதி பாதியாகப் போட்டுத் தைத்து, தொட்டியில் தட்டையாகப் பரப்பினாள். மேலே வெளுத்த வேஷ்டிகள். அதற்கு மேல் கூடைகள்.

ஒரே ஒரு சங்கடம். அரிசியைக் காலால் மிதிக்கக்கூடாது. அதனால் தொட்டியில் யாரும் ஏறக்கூடாது. கூடைகளை வெளியில் நின்றபடியே கை நீட்டி நீட்டி வைத்தார்கள். இறுக்கிக் கட்டவும் முடியாது, மூங்கில் நசுங்கினால் முறுக்கும் நசுங்கும். ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து அடுக்கினார்கள். பெரிய முறுக்குகள் இருந்த இரண்டு கூடை மட்டும் கடைசி வரிசையில், பின் கதவோரம்.

ஆவணியில் ஒரு விடியற்காலையில் கிளம்பினோம். பிக்கப் முன்னால், மாமி டிரைவர் பக்கத்தில். நாங்கள் வேனில் பின்னால். நெடுமங்காடு தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. டிரைவர் பிரேக் போட்டு, மறுபடி ஏற்றத்தில் வெடுக்கென்று வண்டியை எடுத்தார். அந்த இரண்டு பெரிய கூடைகளும் வேஷ்டியோடு சேர்ந்து நகர்ந்து, ஒன்று கதவின் விளிம்பில் சாய்ந்து நின்றதை நான் வேனிலிருந்து பார்த்தேன். எங்கள் வேன்காரர் ஹாரனை அடித்து நொறுக்கினார். இரண்டு வண்டியும் நின்றன.

“நான் ஏறிப் பிடிச்சிட்டு வாறேன், நீங்க யாராவது ஓட்டுங்க” என்றார் டிரைவர். வேன்காரரைத் தவிர ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“யாரும் ஏறப்படாது, அரிசி” என்றாள் மாமி. கதவோரம் போய் நின்று பார்த்தாள். பிறகு கை நீட்டிச் சாய்ந்த கூடையை நிமிர்த்தி, இரண்டையும் இரண்டு ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டுப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளச் சொன்னாள். புடவையைக் கெட்டியாகச் செருகிக்கொண்டாள். வயிற்றை அரிசியில் வைத்து, நீந்துகிற மாதிரி ஊர்ந்து உள்ளே போய், குப்புறப் படுத்து, இரண்டு பெரிய கைகளாலும் இரண்டு கூடையையும் அணைத்துக்கொண்டாள்.

“மாமி, எறங்குங்கோ. ரோட்டுல எல்லாரும் பாக்கறா” என்றார் அப்பா.

“மிதிக்கப்படாதுன்னுதானே சொல்லியிருக்கு? படுத்துக்கப்படாதுன்னு யார் சொன்னா? கதவைச் சாத்துங்கோ.”

மிச்ச தூரம் முழுக்க அப்படியே வந்தாள். பள்ளத்தில் வண்டி இறங்கினால் அவள் உடம்பு அடங்கும், மேட்டில் ஏறினால் எழும்பும். கூடைகள் அவளோடேயே அடங்கி எழும்பின. வித்துரா சந்தைக்கு வந்தவர்கள் காய்கறியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். முதலில் வருகிற வண்டியில் பெண் இருப்பாள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிக்கப் வளைந்து உள்ளே வந்ததும் நாகஸ்வரம் முழங்கியது. மாமி முழு மரியாதையோடு, குப்புறப் படுத்தபடி, கல்யாண வீட்டுக்குள் பிரவேசித்தாள்.

சீர் கூடத்தில் பரப்பப்பட்டது. அக்கா முந்தின நாளே நாகர்கோவிலிலிருந்து நேராக வந்திருந்தாள், மாமியாரோடு. பட்சணத்தைப் பார்வையிடுவது அவள் பொறுப்பு என்று அந்த அம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. தானே வந்து பலகை போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு கூடையாகத் திறந்தார்கள். ஐந்து சுற்று, முழுசு. ஏழு சுற்று, முழுசு. அந்தப் பெரிய கூடை இரண்டும் முழுசு. உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த என் மாமியாருக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். “நிலா மாதிரின்னா இருக்கு” என்று அவள் சொன்னது கூடத்துக்குக் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. மாமி தூணோரம் நின்றிருந்தாள், தலையெல்லாம் செம்மண் புழுதி, முழங்கையில் சிராய்ப்பு.

அக்காவின் மாமியார் சிரித்தாள். “பேஷ். தங்கைக்கு முழுசு, அக்காவுக்குப் பொடி. அவாவாளுக்குத் தகுந்த மாதிரிதான் வரும்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் தலை குனிந்தது. இத்தனை பாடுபட்டு முழுசாகக் கொண்டுவந்த முறுக்கு நேராகப் போய் அவள்மேல் விழுந்துவிட்டது. என் கல்யாணம், என் சீர், அவளுக்கு இன்னொரு அடி. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

மாமி தூணிலிருந்து நகர்ந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கூடையிலிருந்து அந்தப் பெரிய முறுக்கை, அவள் மார்போடு அணைத்துக்கொண்டு வந்ததை, இரண்டு கையாலும் எடுத்தாள். கூடத்தின் நடுவில் நின்று அதை இரண்டாக உடைத்தாள்.

“ஐயையோ!” என்றது கூடம். நாகஸ்வரக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

“இப்போ ரெண்டு பேருக்கும் ஒண்ணு” என்றாள் மாமி. ஒரு பாதியை அக்காவிடம் கொடுத்தாள். மறு பாதியை என்னிடம் நீட்டினாள். தாலி ஏறுவதற்கு முன்னால் பெண் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. உள்ளறையிலிருந்து என் மாமியாரின் குரல், “சாப்பிடட்டும், சாப்பிடட்டும், குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தாளோ” என்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலை நிமிர்ந்திருந்தது. முதலில் அவள்தான் கடித்தாள், தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் நான். அந்தக் கூடத்தில் அக்காவும் நானும் முறுக்கைக் கடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.